தோடர் மந்துக்குப் போறீங்களா? பூத்துக்குளியைத் திருப்பிப் பாருங்க

வணக்கம் மக்களே. தோடர் எம்பிராய்டரி சால்வையான பூத்துக்குளியைப் பார்க்கத்தான் வந்திருக்கேன். இப்ப நிக்கிறது தலைக்குந்தா, ஊட்டியிலேருந்து கூடலூர் போற ரோடு. முத்தநாடு மந்து இந்தப் பக்கம்தான். மந்துன்னா தோடர் குடியிருப்பு. சில வீடு, எருமைத் தொழுவம், ஒரு கோயில், சுத்திப் புல்வெளி, ஒட்டினாப்ல ஒரு சோலைக்காடு. நீலகிரி மலைப் பழங்குடியான தோடர் மக்கள் மொத்தமே ரெண்டாயிரம் பேர் அளவுதான். இந்த மலை முழுக்க சின்னச் சின்ன மந்தா பரவி இருக்காங்க.

வந்து சேர்ற விஷயத்தை வேகமா சொல்லிடறேன். வெளி மாவட்ட வண்டின்னா இ-பாஸ் கட்டாயம். 2024 மே மாசத்துலேருந்து நடைமுறையில இருக்கு. கோடை சீசன்ல ஒரு நாளைக்கு இவ்வளவு வண்டின்னு வரம்பு வைக்கிறாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. அரசு பஸ்ல வந்தா இந்தத் தலைவலியே இல்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டம் முழுக்கத் தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க. இன்னொண்ணு, தலைக்குந்தாவுலேருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியா இறங்கச் சொல்லி மேப் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு அது, வெளியூர் வண்டியை அதுல இறங்க விடமாட்டாங்க. டிசம்பர், ஜனவரியில தலைக்குந்தா புல்வெளி காலையில உறைபனியில வெள்ளையா கிடக்கும், குளிர் தாங்கற துணி வேணும்.

மந்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வெளியவே நின்னு கேளுங்க. தோடர்களுக்குத் தனி மொழி உண்டு, ஆனா தமிழ்லயே பேசலாம். "அக்கா, உள்ள வரலாமா?"ன்னு கேட்டா போதும். போட்டோ எடுக்கறதுக்குத் தனியா கேக்கணும். சின்னவங்க குனிய, பெரியவங்க பாதத்தைத் தலையில வச்சு ஆசி கொடுக்கற வழக்கம் அவங்களுக்கு உண்டு. அதைக் கேமராவுக்காக ஒரு தடவை செஞ்சு காட்டுங்கன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. அது அவங்க உறவு முறை.

எருமைகிட்ட ஜாக்கிரதை. தோடர் எருமை கொம்பு ரெண்டு பக்கமும் அகலமா வளைஞ்சிருக்கும். வெளியாளைக் கண்டா முட்ட வரும். கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல மட்டும் போயிடாதீங்க.

அதோ தூரத்துல கூம்பா, உயரமா, உச்சியில ஒரு தட்டைக் கல்லு வச்ச கூரை தெரியுது பாருங்க. அதுதான் மூன்போ கோயில். இதுக்கு மேல கேமரா கிட்ட போகாது. தோடர் அல்லாதவங்க உள்ள போகக்கூடாது, தோடர் பெண்களுமே போகமாட்டாங்க. கல் சுவர்தான் எல்லை, அதைத் தாண்டாதீங்க. வருஷக் கடைசியை ஒட்டி மொற்பர்த் பண்டிகைக்கு தோடர் ஆண்கள் பல மந்துலேருந்து இங்க வந்து கும்பிடுவாங்க, இளவட்டக்கல் தூக்குவாங்க.

அந்தக் கூரையைப் பத்தி ஒரு வார்த்தை. கோயில் கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது, சதுப்பு நிலத்துல வளர்ற ஒரு குறிப்பிட்ட புல்லு வேணும். புல்வெளியெல்லாம் சீகை மரமும் யூகலிப்டஸும் தேயிலைத் தோட்டமும் ஆனதுல சதுப்பு சுருங்கிப் போச்சு, புல்லும் அரிதாயிடுச்சு. நீலகிரி புல்வெளியைக் காப்பாத்தணும்னு சொல்றப்ப, இந்தக் கோயிலும் அதுலதான் நிக்குதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க.

பழைய வீடு பீப்பாயைப் பாதியா வெட்டிக் கவுத்த மாதிரி இருக்கும். மூங்கிலை வளைச்சு, பிரம்பால நெருக்கமா கட்டி, மேல புல்லு வேய்வாங்க. வாசல் சுமார் மூணடி உயரம்தான், தவழ்ந்துதான் போகணும். குளிர் காத்து உள்ள வராம இருக்கறதுக்கும் இந்தச் சின்ன வாசல் உதவுது. இப்ப பெரும்பாலானவங்க இருக்கறது ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு. பழைய வீடு கண்ணுல படலேன்னு ஏமாந்து போகாதீங்க.

சரி, நான் முக்கியமா சொல்ல வந்தது பூத்துக்குளி. ஆணும் பெண்ணும் போத்திக்கற சால்வை. இறந்தவங்களைப் போர்த்தறதும் இதாலதான். கேமராவைக் கிட்ட கொண்டு போறேன், பாருங்க.

துணி முரட்டுப் பருத்தி, பழுப்பு வெள்ளை. அதை அவங்க நெய்யறதில்ல, வெளியிலேருந்து வாங்கறாங்க. சிவப்பும் கறுப்புமா பட்டை நெசவுலயே வந்திருக்கும். அந்தப் பட்டைகளுக்கு நடுவுலதான் எம்பிராய்டரி. சிவப்பு, கறுப்பு கம்பளி நூல், இப்ப அக்ரிலிக் நூலும் உண்டு. ஒரே ஊசி. துணியை இழுத்துப் பிடிக்கச் சட்டம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியோட பின்பக்கத்துல நீளவாக்குல ஓடற பாவு நூலையும் குறுக்க ஓடற ஊடு நூலையும் கண்ணால எண்ணி, இத்தனை இழைக்கு மேல, இத்தனை இழைக்குக் கீழன்னு ஊசியை ஓட்டிக்கிட்டே போறாங்க. எதுக்கு முரட்டுத் துணின்னா, நைஸ் துணியில இழையை எண்ண முடியாது.

ஒரு இழை தப்பினா அந்த வரிசையே நகர்ந்துடும், முக்கோணம் கோணிடும். தப்பு நடந்த இடம் வரைக்கும் பிரிச்சுதான் ஆகணும். அதனால ஒரு அக்கா தைச்சுக்கிட்டு இருக்கறப்ப நடுவுல கேள்வி கேக்காதீங்க. வரிசை முடியட்டும், அவங்களே நிமிர்ந்து பார்ப்பாங்க. முழுப் பூத்துக்குளின்னா மாசக்கணக்காகும்.

டிசைன்ல எருமைக் கொம்பு, பூ, வண்ணத்துப்பூச்சி, சூரியன், நிலா வரும். ஓரத்துல முயல் காது. எல்லாமே கோணமாதான் இருக்கும், வளைவு இருக்காது. இழையை எண்ணித் தைச்சா படிப்படியாதான் போக முடியும். அதே காரணம், கடையில உண்மையானதைக் கண்டுபிடிக்கவும் உதவும். வழவழன்னு வளைஞ்ச பூ இருந்துச்சுன்னா சந்தேகப்படுங்க.

அடுத்து துணியைத் திருப்புங்க. மெஷின் வேலைன்னா பின்னாடி வேற ஒரு மெல்லிசு நூல் ஓடியிருக்கும், சில சமயம் தாள் மாதிரி ஒட்டியிருக்கும். பிரிண்ட் போட்டதுன்னா மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். கைவேலையில ரெண்டு பக்கமும் அதே கம்பளி நூல்தான். நூலை இறுக்கி இழுக்காம வேணும்னே கொஞ்சம் புடைக்க விடுவாங்க, விரலை ஓட்டினா மேடு தட்டுப்படும். போத்தறப்ப வெளிய தெரியறதும் மேடு தட்டுப்படற இந்தப் பக்கம்தான். தோடர் எம்பிராய்டரிக்கு 2013லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. ஆனாலும் மெஷின் சால்வை அதே பேர்ல விக்குது, நீங்கதான் திருப்பிப் பார்க்கணும்.

முடிஞ்சா மந்துலயே, தைச்சவங்ககிட்டயே வாங்குங்க. ரொக்கம் கொண்டு வாங்க, பள்ளத்துல சிக்னல் போயிடும். முழுச் சால்வைக்குக் காசு போதலேன்னா பை, மேசைவிரிப்பு, சின்ன பர்ஸ் இருக்கும். பேரம் மட்டும் வேண்டாம், எத்தனை இழை எண்ணியிருக்காங்கன்னு இப்பதான பார்த்தீங்க.

வீட்டுக்குக் கொண்டு போனதும் முதல் தடவை தனியா, பச்சத் தண்ணியில அலசுங்க. சிவப்புச் சாயம் வெள்ளையில இறங்கலாம். முறுக்கிப் பிழியாதீங்க, வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம், புடைச்ச நூல் எதுலயாவது மாட்டி இழுபட்டா வரிசை சுருங்கிடும். நிழல்ல விரிச்சுக் காயவிடுங்க. அயர்ன் பண்ணணும்னா வெறும் துணி இருக்கற இடத்துல மட்டும் பண்ணுங்க. பூவேலை மேல வச்சா மேடு அமுங்கிடும், அக்ரிலிக் நூல்னா உருகிடும்.