வேலையை விட்டவரின் கணக்கு

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் இன்றைய பேச்சு. பல கடைகளில் கல்லாப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடவுச்சொல்லே கேட்காமல் திறந்துகொள்கிறது. கணக்கெழுதிய கிளார்க் வேலையை விட்டுப் போன பிறகும் அவருடைய பயனர் கணக்கு அதில் அப்படியே கிடக்கிறது.

கடவுச்சொல் இல்லாத உள்ளூர் கணக்கில், அதாவது அந்தக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய கணக்கில், நெட்வொர்க் வழியாக நுழைய முயன்றால் விண்டோஸே மறுத்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்துதான் நுழைய முடியும். ஆனால் கடையில் அந்த நாற்காலிக்கு யார் வேண்டுமானாலும் வரலாமே! சீக்கிரம் திறக்க வேண்டுமென்றால் பின் எண் வையுங்கள். விண்டோஸ் பின் எண் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே செல்லும்.

போனவரின் கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். செட்டிங்ஸ் வழியாக அழித்தால் அவருடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் சேர்ந்தே போய்விடும். கடவுச்சொல்லை மட்டும் நிர்வாகி மாற்றினாலும், அவர் விண்டோஸில் பூட்டி வைத்த கோப்புகள் திறக்காமல் போகலாம். முடக்குவதே நல்லது, வேண்டும்போது திரும்பத் திறக்கலாம்.

முதலில் உங்கள் கையில் இன்னொரு நிர்வாகிக் கணக்கு வேலை செய்கிறதா என்று பாருங்கள். விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வழக்கமாக முடங்கியே இருக்கும், அதை நம்ப வேண்டாம். கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்டை வலது சொடுக்கி, நிர்வாகியாகத் திறங்கள். இல்லையென்றால் 'சிஸ்டம் எர்ரர் 5' என்று வந்து நிற்கும். 'நெட் யூசர்' (net user) என்று அடித்தால் கணக்குப் பெயர்கள் வரிசையாக வரும். திரையில் தெரியும் பெயரும் இதுவும் வேறாக இருக்கலாம், இதையே எடுங்கள். மறுபடி நெட் யூசர், இடைவெளி, அந்தப் பெயர், இடைவெளி, சாய்கோடு, 'ஆக்டிவ்', இரட்டைப் புள்ளி, 'நோ' (/active:no). பெயருக்குள் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். திரும்பத் திறக்க 'நோ' இருக்கும் இடத்தில் 'எஸ்'. இந்தக் கட்டளை ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும்.

ஏற்கெனவே உள்ளே நுழைந்து திறந்திருக்கும் அமர்வை முடக்கம் மூடாது. டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பக்கம் போய் அவரை சைன் அவுட் செய்யுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது, தொலைவிலிருந்து கடவுச்சொல் இல்லாமலே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் அப்போதும் நுழைந்துவிடலாம். கணக்கின் காலாவதி நாளையே கடந்த தேதியாக வையுங்கள்.

பேக்கப் போன்ற வேலைகள் அந்தக் கிளார்க்கின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால், முடக்கிய அன்றிரவே நின்றுவிடும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து ஒவ்வொரு வேலையும் யார் பெயரில் ஓடுகிறது என்று பார்த்து, முடக்குவதற்கு முன்பே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.