எந்த மானும் 'டேய்' என்று கத்தாது | விஸ்கான்சின் மான் சீசன், முதல் நாள்

வணக்கம் மக்களே. மணி 4:50, இன்னும் விடியவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னணியில் ஓடுவது ஹீட்டர் சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் எனக்குத் தாடை ஆட ஆரம்பித்துவிடும். வெளியே மைனஸ் 9.

இது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குப் பகுதி, ஃபிளாம்போ ஆற்றை ஒட்டிய மாநிலக் காடு. இன்று துப்பாக்கி மான் சீசனின் முதல் நாள். நவம்பர் நான்காவது வியாழனில் வருகிற தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அடுத்து வரும் ஞாயிறு வரை மொத்தம் 9 நாள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த மாநிலத்தில் இதற்கு லைசென்ஸ் எடுக்கிறார்கள். அதில் பெரும் பகுதி இன்று காலை ஒரே நேரத்தில் காட்டுக்குள் இருக்கும்.

போன வீடியோவில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, "நம்ம ஊரில் மான் மேல் கை வைத்தால் ஜெயில், உனக்கு மட்டும் எப்படி?" அங்கே 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, இங்கே மான் பெருகிப்போய், எத்தனை சுடலாம் என்று மாநிலமே சீட்டு கொடுக்கிறது. சரியா தப்பா என்று கமெண்டில் அடித்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். இரண்டாவது, "கரடி, ஓநாய் எல்லாம் இருக்குமே, பயமா இல்லையா?" கரடிகள் பெரும்பாலும் இந்நேரம் குகையில் தூங்கப் போயிருக்கும். ஓநாயை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் முதுகுப் பக்கம்தான் பார்த்திருக்கிறேன். இந்த 9 நாளில் எனக்குப் பயம் ஒரே பிராணியிடம்தான். அதற்கு இரண்டு கால், கையில் துப்பாக்கி, முந்தின இரவு சரியான தூக்கமும் இருக்காது.

என் இரண்டாவது சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். காலையிலிருந்து ஐஸ் தூறல். மேலே போட்டிருந்த ஆரஞ்சு வெஸ்ட் நனைகிறதே என்று, அதற்கு மேல் ஒரு பழுப்பு மழை ஜாக்கெட்டை மாட்டினேன். தொப்பியும் ஆரஞ்சுதான், ஆனால் ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்து அதையும் மறைத்துவிட்டேன். மூக்கு ஒழுகியது. பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளை டிஷ்யூவை எடுத்துச் சிந்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், ஒரு 70 கஜ தூரத்தில், ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஆரஞ்சாக ஓர் ஆள். நிற்கிறார், அசையவில்லை. முகம் எங்கே என்று தேடினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். இரண்டு நொடி கழித்துத்தான் புரிந்தது, அது அவருடைய ஸ்கோப். துப்பாக்கியின் மேல் இருக்கிற, குறிபார்க்கிற தொலைநோக்கி. அப்படியென்றால் குழல் எங்கே பார்க்கிறது? என்னைத்தான்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆங்கில வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. "டேய்ய்" என்று ஒரு கத்தல்தான் வந்தது. எங்கள் தெருவில் கிரிக்கெட் பந்து மோட்டார் பைக்கில் படப்போகும்போது கத்துவோமே, அதே ராகம். துப்பாக்கி சட்டென்று இறங்கியது. எந்த மானும் 'டேய்' என்று கத்தாது இல்லையா.

அந்த ஆளுக்கு அறுபது வயது இருக்கும். துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, மெதுவாக நடந்து வந்தார். வந்தவர் ஒரு மரக்கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். பழுப்பாக ஏதோ அசைந்தது, நடுவில் வெள்ளையாக ஒரு துடிப்பு தெரிந்தது, என்ன என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்கினேன் என்றார். பைனாகுலர் எங்கே என்று கேட்டேன். வண்டியில் இருக்கிறதாம்.

இந்த ஊர் மானுக்குப் பெயரே வெள்ளைவால் மான். பயந்தால் வாலைத் தூக்கும். அடிப்பக்கம் முழுக்க வெள்ளை, கொடி ஆட்டுவது மாதிரி இருக்கும். வேட்டைக்காரன் கண் நாள் முழுக்க அந்த வெள்ளைத் துடிப்பைத்தான் தேடுகிறது. 1988 நவம்பரில் மெய்ன் மாநிலத்தில், ஹெர்மன் என்ற ஊரில், ஓர் இளம் தாய் தன் வீட்டுக்குப் பின்னாலேயே சுடப்பட்டு இறந்தார். அவர் கையில் போட்டிருந்தது வெள்ளைக் கையுறை. மான் என்று நினைத்தேன் என்றார் சுட்டவர். வழக்கில் அவர் விடுதலையும் ஆனார். அதற்குப் பிறகுதான், குறி என்ன என்று நிச்சயமாகத் தெரியாமல் சுடக்கூடாது என்று அந்த மாநிலம் தனியாகவே சட்டம் போட்டது.

அதனால் என் பையில் இப்போது வெள்ளை என்று எதுவும் கிடையாது. கைக்குட்டை, இதோ, ஆரஞ்சு. டாய்லெட் பேப்பர்? சிரிக்காதீர்கள், ஒதுங்கப் போகிற இடத்திலும் அது வெள்ளைதான். நான் சாப்பாட்டுக் கடையின் பழுப்பு நாப்கின்தான் கொண்டுபோகிறேன்.

சரி, ஆரஞ்சுக்கு வருவோம். இந்த வெஸ்ட்டோடு வீடியோ கால் செய்தபோது அம்மா, "என்னடா, ரோட்டுக்குத் தார் போடுற வேலைக்கா போற?" என்றார். அதே நிறம்தான். விஸ்கான்சினில் துப்பாக்கி மான் சீசனில் இடுப்புக்கு மேலே வெளியே தெரிகிற உடையில் குறைந்தது பாதியாவது இந்த ஆரஞ்சு இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதிலும் பாதி. 1980இலிருந்து இதுதான் சட்டம். 2016இல் கண்ணைக் கூசும் பிங்க்கையும் சேர்த்தார்கள்.

"மான் பார்த்துவிடாதா?" என்று கேட்பீர்கள். பார்க்கும், ஆனால் நமக்குத் தெரிகிற மாதிரி அதற்குத் தெரியாது. நிறம் பிரிக்கிற அணுக்கள் நம் கண்ணில் மூன்று வகை, மானுக்கு இரண்டுதான். ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கலாக, இலை தழையோடு கலந்துவிடும். நீலம்தான் பளிச்சென்று தெரியும். நீங்கள் போட்டிருக்கிற ஜீன்ஸ் மானுக்குத் தெரிகிற அளவு இந்த வெஸ்ட் தெரியாது.

சட்டப்படி பாதி போதும். ஆனால் முதுகுப்பை ஒன்றை மாட்டினால் பின்பக்கம் முழுக்க மறைந்துவிடுகிறது. கடையில் கிடைக்கிற வேட்டைப் பை எல்லாம் இலைப் புள்ளி போட்டதுதான். அதனால் நான் பைக்கு மேல் இன்னொரு வெஸ்ட்டை இழுத்துக் கட்டிவிட்டேன், பாருங்கள், குழந்தைக்குத் துணி சுற்றின மாதிரி. தரையில் கூடாரம் போட்டு உட்காருபவர்களும் அப்படித்தான், உள்ளே நீங்கள் என்ன நிறம் போட்டிருந்தாலும் வெளியே இருப்பவனுக்கு அது ஒரு புதர். மேலே நாலு பக்கமும் ஆரஞ்சு துணி கட்டுங்கள். மான் அடித்துவிட்டு இழுத்து வரும்போதும் கொம்பில் ஆரஞ்சு ரிப்பனைச் சுற்றுங்கள். தோளில் தூக்கவே தூக்காதீர்கள். கொம்பு வைத்த ஒரு மான் புதருக்கு மேலே நடந்து போகிறது, அப்படித்தான் எதிரில் இருப்பவன் பார்ப்பான்.

என்னோடு வருகிற பெரியவர் என் ஆபீஸ் நண்பருடைய அப்பா, வயது 71. ஒவ்வொரு வருடமும் வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்ததும், ஒரு பேப்பர் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் வரைவார். நடுவில் ஒரு கோடு, ஓடை. அதன் இந்தப் பக்கம் அவர் பரண், அந்தப் பக்கம் என் பரண், மேட்டில் அவர் மகன். அப்புறம் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு கோடு இழுப்பார், முறம் மாதிரி விரியும். அந்த முறத்துக்குள்தான் நான் சுடலாம். அதற்கு வெளியே எவ்வளவு பெரிய கொம்போடு மான் வந்தாலும் வணக்கம் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். தட்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருக்கிறேன். யாரும் சொல்லாமல் இடம் மாறக் கூடாது. பசித்தாலும் குளிர்ந்தாலும் முதலில் மெசேஜ், பதில் வந்த பிறகுதான் இறங்குவது.

பரணில் இருப்பதில் இன்னொரு நன்மை, நாம் சுடுவது கீழ்நோக்கி. தவறினாலும் குண்டு மண்ணில் இறங்கும். தரையில் நின்று மேட்டின் விளிம்பில், வானம் பின்னால் தெரிய நிற்கிற மானைச் சுட்டால், அந்த ரைபிள் குண்டு ஒரு மைலுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பரண் என்றால் இடுப்பில், தோளில் பெல்ட் கட்டாயம். துப்பாக்கியைக் காலி செய்து, நாம் ஏறின பிறகு கயிறு கட்டி இழுங்கள்.

கலைத்து விடும் வேட்டை என்று ஒன்று உண்டு. நாலு பேர் காட்டுக்குள் நடந்து மானைக் கலைப்பார்கள், எதிர்முனையில் நாலு பேர் காத்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஓடுகிற மான், படபடக்கிற நெஞ்சு, மானுக்குப் பின்னாலேயே நம் ஆள் நடந்து வருகிறான். பெரியவர் ஒரே ஒரு நிபந்தனையில் சம்மதிப்பார்: மான் நம்மைத் தாண்டி வெளியே போன பிறகுதான் சுடுவது, ஆள் வருகிற திசைக்குத் துப்பாக்கி திரும்பவே கூடாது. பாதி மான் தப்பிக்கும். தப்பிக்கட்டுமே.

இதெல்லாம் பழகின ஆட்கள். பழகாதவன் எதிரில் வந்தால்? கையை ஆட்டாதீர்கள். ஆட்டுகிற கை இலை நடுவே மான் காது மாதிரி இருக்கும். அசையாமல் நின்று, சத்தமாகப் பேசுங்கள். விசில் வேண்டாம், மான் கூப்பிடுகிற குழலை ஊதவே வேண்டாம். மனுஷக் குரல், எந்த மொழியாக இருந்தாலும் சரி.

அப்புறம் சண்டை. இதைச் சொல்லாமல் விட முடியாது. 2004 நவம்பர் 21, இதே பகுதியில், சாயர் கவுண்டியில், தனியார் நிலத்துப் பரண் ஒன்றில் வேறோர் ஆள் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர்கள் இறங்கச் சொன்னார்கள், வார்த்தை முற்றியது, அவர் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். சுட்டவர் ஹ்மாங் சமூகத்தைச் சேர்ந்தவர், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய மக்கள் அவர்கள். என்னை இனத்தைச் சொல்லித் திட்டினார்கள், நிலத்துக்காரர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்று அவர் சொன்னார். உயிர் பிழைத்தவர்கள் மறுத்தார்கள். 2007 ஜனவரியில் மரினெட் கவுண்டியில், அணில் வேட்டைக்குப் போன ஒரு ஹ்மாங் ஆளை இன்னொரு வேட்டைக்காரர் கொன்றார். நானும் இந்தக் காட்டில் வேறு முகம்தான். முதல் வருடம் பெட்ரோல் பங்கில் ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாராவது "இது என் இடம்" என்றால், நான் சரியாக இருந்தாலும் "மன்னிக்கவும்" என்று சொல்லி, குழலைத் தரைக்குக் காட்டி நகர்ந்துவிடுவேன். நியாயத்தை வண்டிக்கு வந்த பிறகு அதிகாரிக்குப் போன் செய்து பேசிக்கொள்ளலாம். நிலத்தின் எல்லையைப் போன் மேப்பில் பார்த்துவிட்டே போங்கள்; இங்கே பலகை வைக்காவிட்டாலும் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம்தான்.

வேட்டையே வேண்டாம், சும்மா நடக்கப் போகிறேன் என்கிற நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. மேடிசனிலும் மில்வாக்கியிலும் இருந்து குடும்பத்தோடு பூங்காவுக்குப் போகிறீர்களே, 2013இலிருந்து மாநிலப் பூங்காக்களிலும் பல பகுதிகளில் சீசனில் வேட்டை உண்டு. வாசலில் மேப் இருக்கும், பாருங்கள். பத்து டாலர் வெஸ்ட் ஆளுக்கொன்று, நாய் இருந்தால் அதற்கும். பிள்ளைக்குப் பழுப்பு கோட், வெள்ளை பாம்பாம் வைத்த தொப்பி, இந்த 9 நாள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 1966இல் இந்த மாநிலத்தில் வேட்டை விபத்துகள் 264. அடுத்த வருடம்தான் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு ஆரம்பித்தார்கள், அப்புறம் ஆரஞ்சு வந்தது. இப்போது அந்தப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அந்த வகுப்பு கட்டாயம். நானும் உட்கார்ந்தேன், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு. பரீட்சையில் பக்கத்து பெஞ்சு பையன் என்னைவிட அதிகம் வாங்கினான்.

மணி 5:20. சுட ஆரம்பிக்க 6:40 ஆகும், அதற்குள் இருட்டிலேயே பரணுக்குப் போய்ச் சேர வேண்டும். டார்ச்சை அணைக்காமல்தான் நடப்பேன், மான் பார்த்தால் பார்க்கட்டும். குளிரில் கேமரா பேட்டரியும் 11 சதவீதம்தான் காட்டுகிறது.

ஒரு நிமிஷம், பின்னால் வெளிச்சம். வேறொரு வண்டி வந்து நிற்கிறது. இரண்டு பேர் இறங்குகிறார்கள், ஒருவர் தொப்பி போடவில்லை. போய்ப் பேசிவிட்டு வருகிறேன், ஓடைக்கு எந்தப் பக்கம் உட்காரப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். பேப்பர் தட்டு எங்கே வைத்தேன்... இதோ.