முளைத்த பிறகு வரும் சில வாரங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மேய்ச்சல் நிலம் என்று பேச்சு எடுத்தாலே நாம் கேட்பது இரண்டே கேள்விதான்: வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை, ஏக்கருக்கு எத்தனை ஆடு மாடு? தேவையான கேள்விகள், சரி. ஆனால் வறண்ட புல்வெளியில் ஒரு முளை பிழைக்குமா என்று தெரிய வேண்டுமானால், எப்போது பெய்தது, எப்போது மேய்ந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

வட அமெரிக்காவில், கொலராடோவின் கிழக்குப் பக்கச் சமவெளியில் புளூ கிராமா என்று ஒரு குட்டைப் புல் பரந்து கிடக்கிறது. அங்கே வருஷத்துக்கு 300 முதல் 400 மி.மீ. மழைதான். வளர்ந்த புல் காட்டெருமை மந்தைகளுக்கே ஈடுகொடுத்த புல், வறட்சிக்கும் அசையாது. அதன் முளையோ படு பலவீனம். விதையிலிருந்து நூல் போல ஒரே ஒரு வேர் இறங்கும், இலை வளர வளர அந்த ஒற்றை வேர் கொடுக்கும் தண்ணீர் போதாமல் போகும், அதற்குள் அடிக்கணுவிலிருந்து புது வேர்கள் இறங்கியாக வேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கணு இருப்பது மண்ணின் மேல்மட்டத்தில், மழை விட்டதும் முதலில் காய்வதும் அதே மேல்மண்தான். ஆக, முளைக்க ஒரு மழை வேண்டும், அப்புறம் சில வாரம் கழித்து மேல்மண் 2, 3 நாளாவது விடாமல் ஈரமாக இருக்கும்படி இன்னொரு மழை வேண்டும். அது வராவிட்டால் முளைத்ததெல்லாம் கருகிவிடும். ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு மாதக்கணக்கில் காய்ந்தால், மழைக்கணக்கில் அது நல்ல வருஷம், முளைக்குப் பஞ்ச வருஷம்.

இந்த நேரத்தில் மந்தை உள்ளே வந்தால்? புல்லின் குருத்து அடியில் இருப்பதால் கடித்தாலும் துளிர்க்கும் என்பது வளர்ந்த புல்லுக்குச் சரி. ஒற்றை வேரில் நிற்கும் முளை கடித்த இழுப்பிலேயே வேரோடு வந்துவிடும். அகன்ற இலைச் செடிகளில் விதையிலிருந்து முதலில் விரியும் வித்திலைக்குக் கீழே கடிபட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது, அங்கே துளிர்க்க மொட்டே கிடையாது.

அதற்காக ஆடு மாடுகளை வில்லனாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. வளர்ந்த புல் அடர்ந்து நின்றால் மேல்மண் ஈரத்தை அதுவே குடித்துவிடும், அளவான மேய்ச்சல் அந்தப் போட்டியைக் குறைக்கும், குளம்புக் குழியில் விதையும் தண்ணீரும் தங்கும். அளவு மீறினால் எல்லாம் தலைகீழ்: மூடாக்கு போய், மழைத்துளி நேராக அறைந்து மண் பொருக்கு தட்டி, பெய்த மழையும் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். சீமைக்கருவேலம் போன்றவற்றுக்கு இது கொண்டாட்டம். காயைத் தின்ற மாடே விதையைச் சாணத்தில் சுமந்து வந்து போடுகிறது, எதிர்த்து நிற்கப் புல்லும் இல்லை.

அதனால் நிலத்தைக் காலம் முழுக்கப் பூட்டிப் போடச் சொல்லவில்லை. நல்ல மழைக்குப் பிறகு முளை கண்ட இடத்தை மட்டும், வேர் பிடிக்கும்வரை விட்டுவையுங்கள். வேர் பிடித்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மாடு கடிப்பது போல இலையைக் கையால் பற்றி வெடுக்கென்று இழுங்கள். முளை வேரோடு கையில் வந்தால் மந்தை இன்னும் காத்திருக்க வேண்டும். இலை மட்டும் அறுந்து வந்தால் ஓட்டி விடலாம். ஓரிடத்தில் இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேட்டிலும் பள்ளத்திலும் பாருங்கள், மேட்டில் ஈரம் முந்திக் காய்வதால் அங்கே வேர் பிடிக்கத் தாமதமாகும்.