பத்ரி போகிற வழியிலே

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பத்ரிநாத் போய் வந்தவர்களிடம் பயணத்தைப் பற்றிக் கேளுங்கள். ரிஷிகேஷைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள், பத்ரிநாத் சன்னதியைப் பற்றி நாற்பது வார்த்தை சொல்வார்கள். நடுவிலே இருக்கிற ஏறத்தாழ 300 கிலோமீட்டர்? வளைவு, வாந்தி, தூக்கம், அவ்வளவுதான். அந்த 300 கிலோமீட்டரில் பெரும்பகுதி அலக்நந்தா ஆற்றின் கரையோரமாகவே போகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது கோயிலைப் பற்றி அல்ல. கோயிலுக்குப் போகிற அவசரத்தில் நாம் தாண்டிப் போய்விடுகிற அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி.

பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மாணா கிராமத்துக்கு மேலே சதோபந்த், பாகீரத் கரக் என்று இரண்டு பனியாறுகள் இருக்கின்றன. அங்கேதான் அலக்நந்தா பிறக்கிறது. கீழே இறங்கி வர வர தௌலிகங்கா, நந்தாகினி, பிண்டர், மந்தாகினி, கடைசியில் பாகீரதி என ஐந்து ஆறுகள் வந்து சேருகின்றன. சேருமிடங்கள்தான் பஞ்சப் பிரயாகை. நாம் கீழேயிருந்து மேலே போவதால் கடைசிப் பிரயாகையைத்தான் முதலில் பார்ப்போம்.

அது தேவப்பிரயாகை. ரிஷிகேஷிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சுற்றுலா வண்டிகள் மேலே சாலையிலேயே பத்து நிமிடம் நிறுத்துவார்கள், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தொங்குபாலத்தைக் கடந்து, படிகளில் இறங்கி, ஆறுகள் கூடும் இடத்துக்கே போய் நில்லுங்கள். ஒரு பக்கம் பாகீரதி இரைச்சலோடு பாய்ந்து வருவாள். மறுபக்கம் அலக்நந்தா ஓரளவு அடக்கமாக வருவாள். உள்ளூரில் பாகீரதியை மாமியார் என்றும் அலக்நந்தாவை மருமகள் என்றும் சொல்கிறார்கள். யார் சத்தம் போடுகிறார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை! மழைக்காலம் முடிந்தபின் போனால் இரண்டு நீரும் இரண்டு நிறமாக வந்து கலப்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். இழுப்பு பலமாக இருக்கும். குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள். கங்கை என்ற பெயர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மேலே படியேறினால் ரகுநாதர் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான 'கண்டம் என்னும் கடிநகர்' இதுதான். பெரியாழ்வார் பாடிய தலம். பத்ரிநாத்துக்கு யாத்திரிகர்களை அழைத்துப் போகிற பண்டாக்களின் ஊரும் இதுவே. தங்கள் முன்னோர் தெற்கிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அவர்களில் உண்டு. ஓர் இரவு இங்கே தங்க முடிந்தால் மிக நல்லது.

அடுத்து ஸ்ரீநகர். காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல, கட்வால் ராஜாக்களின் பழைய தலைநகர். தலைநகர் என்கிறீர்களே, அரண்மனை எங்கே, பழைய தெருக்கள் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1893-ஆம் ஆண்டு, மேலே பிரஹி கங்கா என்கிற கிளையாற்றின் குறுக்கே ஒரு மலைச்சரிவு அப்படியே இடிந்து விழுந்தது. ஆறு அடைபட்டு, கோனா என்ற ஊரருகே பெரிய ஏரி உண்டானது. இது ஒருநாள் உடையப் போகிறது என்பது அன்றைய பொறியாளர்களுக்குப் புரிந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஏரிக்கரையிலிருந்து கீழே வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். பாலங்களைக் கழற்றினார்கள். யாத்திரிகர்களை வேறு பாதையில் திருப்பினார்கள். எந்த மாதத்தில் நீர் தளும்பும் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்தார்கள். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்தது. ஸ்ரீநகர் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது. ஆனால் உயிரிழந்தவர்கள் ஐந்தே பேர். வெளியேற்றிய பிறகும் ஏரிப்பக்கம் திரும்பிப் போன ஒரு பக்கிரியின் குடும்பம் அது. இன்றுள்ள ஊர் அதற்குப் பிறகு புதிதாகக் கட்டியது. செல்பேசியும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நின்று பாருங்கள். ஊர் வேறுமாதிரி தெரியும்.

ஸ்ரீநகரைத் தாண்டினால் ஆற்றுக்குள்ளேயே தூண்கள்மேல் நிற்கும் தாரி தேவி கோயில் வரும். நீர்மின் திட்டத்துக்காக 2013 ஜூன் 16 அன்று அம்மனை அவள் இருந்த இடத்திலிருந்து மேலே தூக்கி வைத்தார்கள். கேதார்நாத்தைச் சூறையாடிய வெள்ளம் வந்ததும் அதே நேரத்தில்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசாத ஆளை அந்தப் பக்கத்தில் பார்ப்பது அரிது.

ருத்ரப்பிரயாகையில் மந்தாகினி சேருகிறது. கேதார்நாத் போகிறவர்கள் இங்கே பிரிந்துவிடுவார்கள். எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் ஏறிய ஆட்கொல்லிச் சிறுத்தையை வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1926-இல் சுட்டது இந்த ஊரை ஒட்டிய குலாப்ராயில். யாத்திரைப் பாதையிலேயேதான் அது வேட்டையாடிக்கொண்டிருந்தது.

கர்ணப்பிரயாகையில் பிண்டர் ஆறு. இங்கிருந்து பக்கவாட்டில் பிரியும் சாலையில் போனால் ஆதி பத்ரி, ஒரே வளாகத்தில் சின்னச் சின்னக் கற்கோயில்கள். கூட்டமே இருக்காது. இன்னொரு செய்தி: ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகைக்கு 125 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் 100 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம். பயணம் சுகமாகும், சந்தேகமில்லை. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து பயனில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே போக ஆசைப்படுகிறவர்கள் அப்போதும் சாலைக்குத்தான் வரவேண்டும்.

நந்தப்பிரயாகையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அப்புறம் ஜோஷிமட். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்று வைணவர்கள் கொள்கிறார்கள். இங்குள்ள நரசிம்மர் சிலையின் ஒரு கை ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே வருகிறதாம். அது முறியும் நாளில் பத்ரிநாத் பாதையின் இரண்டு மலைகளும் ஒட்டிக்கொள்ளும், வழி அடைபடும் என்பது நம்பிக்கை. இந்த ஊரே பழைய நிலச்சரிவின் இடிபாடுகள்மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டடங்கள் கூடாது என்று 1976-லேயே ஒரு அரசுக் குழு எழுதிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. ஜோஷிமட்டில் தங்குகிறவர்கள் அந்த விரிசல்களை வேடிக்கைப் பொருளாக்காமல் இருந்தால் நல்லது. வீட்டை விட்டு வெளியேறியவர்கள் அங்கேயே, நம் கண்முன்னால்தான் இருக்கிறார்கள்.

அரை நாள் கையில் இருந்தால் தௌலிகங்கா கரையோரமாக ரைணி கிராமத்துக்குப் போய் வாருங்கள். 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவி ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், மரம் வெட்ட வந்தவர்களை மறித்த ஊர். சிப்கோ இயக்கம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதே ஊரைத்தான் 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி, மேலே பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து வந்த வெள்ளம் தாக்கியது. பள்ளத்தாக்கில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

இனி மலர்ப் பள்ளத்தாக்கு. கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப், அங்கிருந்து காங்கரியா வரை சுமார் 10 கிலோமீட்டர் நடை. நடக்க முடியாதவர்களுக்கு மட்டக்குதிரை உண்டு. மறுநாள் காலை பள்ளத்தாக்குக்குள் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும், உள்ளே தங்க அனுமதி இல்லை. 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் குழுவினர் வழியில் கண்டு உலகுக்குச் சொன்ன இடம். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பூ ஆராய வந்து 1939-இல் பாறையிலிருந்து விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்ணின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. பிரம்மகமலப் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் ஹேம்குண்ட் ஏரிக்கு ஏறவேண்டும். 4,000 மீட்டருக்கு மேலே, நெட்டுக்குத்தான ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், பூக்கள் நிறைந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. சாலையில் மண் சரிவதும் அதே மாதங்களில். பூ வேண்டும் என்றால் கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். திரும்பும் ரயிலை நெருக்கிப் பதிவு செய்யாதீர்கள். அவ்வளவு துணிச்சல் இல்லை என்றால் செப்டம்பர் இரண்டாம் பாதி போகலாம். பூ குறைவு, வானம் தெளிவு. என் ஓட்டு செப்டம்பருக்குத்தான்.

பத்ரிநாத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் மாணாவுக்குப் போகச் சொல்வேன். சில கிலோமீட்டர்தான். 'கடைசி கிராமம்' என்ற பலகை போய் இப்போது 'முதல் கிராமம்' ஆகிவிட்டது. போட்டியா என்ற பழங்குடி மக்களின் ஊர்; பனிக்காலத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். நவம்பர் வாக்கில் பத்ரிநாத் நடை அடைக்கும்போது பெருமாளுக்குப் போர்த்துகிற, நெய்யில் தோய்த்த கம்பளி இந்த ஊர்ப் பெண்கள் நெய்தது. பீம் புல் என்கிற பாறைப் பாலத்தடியில் சரஸ்வதி ஆறு பேரிரைச்சலோடு வெளிவருவதைப் பார்த்துவிட்டு, கால் தெம்பாக இருந்தால் வசுதாரா அருவிவரை நடக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வழியெல்லாம் இட்லி தேடிக்கொண்டு போகாதீர்கள். கேழ்வரகு ரொட்டி, கொள்ளுப் பருப்பு, குதிரைவாலிப் பாயசம், இதெல்லாம் கட்வால் வீட்டுச் சமையல். மண்டுவா, கஹத், ஜங்கோரா என்று கேளுங்கள், பெரிய ஓட்டல்களில் கிடைக்காது, சின்னக் கடைகளில் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள்.

புறப்படும் முன் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவை முடித்துவிடுங்கள், அது இல்லாமல் மேலே விடமாட்டார்கள். ஓட்டுநரிடம் தேவப்பிரயாகையிலும் ஜோஷிமட்டிலும் தங்குகிறோம் என்று ரிஷிகேஷிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வழியில் போய்ச் சொன்னால் கேட்கமாட்டார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.