நீங்கள்தான் அந்தக் குடைக்காரரா?

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைத் தானே பேசிவிட்டுப் போன பேராசிரியர் அவர்களே, மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் அவர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டது போன மாதம், தலைப்பைச் சொன்னது நேற்று ராத்திரி. அவருக்குத் தனி வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் வேண்டுமென்று விடவில்லை.

அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் இறந்துவிட்டார், சாவுக்குப் போவதா வேண்டாமா? இதுதான் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, நாம் ஏன் தயங்குகிறோம். இரண்டு, போனால் என்ன பேசுவது. மூன்று, எங்கே போகவே கூடாது.

என் பாட்டி ஒன்று சொல்லும்: "நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ." அங்கே இரண்டு பேர் சிரிக்கிறார்கள். ஆமாம், போன கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன், அடுத்த கூட்டத்திலும் சொல்வேன்.

சாவுச் செய்தி வந்ததும் நாம் முதலில் யோசிப்பது போனவரைப் பற்றி இல்லை, நம்மைப் பற்றித்தான். வாசலில் யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டால்? எல்லோரும் அழும்போது எனக்கு அழுகை வரவில்லை என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இப்படி யோசித்து யோசித்தே நேரம் போய்விடும், அப்புறம் "இனிமேல் போனால் நன்றாக இருக்காது" என்று நாமே தீர்ப்பும் எழுதிக்கொள்வோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கட்டிடத்தில் தினமும் காலையில் லிஃப்டில் ஒருவர் வருவார். நாலு வருடம். நான் ஆறாவது மாடி, அவர் நாலாவது. நான் ஓடி வருவதைப் பார்த்தால் மூடுகிற கதவுக்குள் செருப்புக் காலை நீட்டி நிறுத்துவார், "வாங்க சார்" என்பார், அவ்வளவுதான் பழக்கம். பெயர்கூடத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் கொட்டுகிற மழையில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வந்தார், கையில் இருந்த குடையை என்னிடம் திணித்தார், "என்னை வண்டியில கூட்டிட்டுப் போக ஆள் வருது" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே ஓடினார். கறுப்புக் குடை, வளைந்த மரப்பிடி, பிடியில் வெள்ளை பெயிண்டால் இரண்டு எழுத்து. மறுநாள் கொண்டுபோக மறந்தேன். அதற்கு மறுநாளும் மறந்தேன். நாலாம் நாள் வெட்கமாகிவிட்டது, இரண்டு வாரம் கழித்து லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏற ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், ஆறு மாடி!

இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் படம். அன்றைக்குத்தான் பெயரே தெரிந்தது. போவதா வேண்டாமா என்று காலையெல்லாம் தத்தளித்தேன், கடைசியில் பாட்டி சொன்னது காதில் விழுந்தது, கிளம்பினேன். கிளம்பியவன் சும்மா போகவில்லை, குடையை எடுத்துக்கொண்டு போனேன்! வெயில் மண்டையைப் பிளக்கிறது, சாவு வீட்டில் ஒருத்தன் குடையும் கையுமாக நிற்கிறான். எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய மகள் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்தாள். பிடியைத் திருப்பி அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தாள். "அம்மா, அப்பா குடை" என்றாள். அந்த அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கதான் அந்தக் குடைக்காரரா?"

விஷயம் என்னவென்றால், குடையைத் தொலைத்துவிட்டாரென்று வீட்டில் இரண்டு மாதமாக அவரைத் திட்டியிருக்கிறார்கள். அவரோ, "தொலைக்கல, நம்ம ஃபிரெண்டு ஒருத்தர்கிட்ட இருக்கு, வரும்" என்றே சொல்லியிருக்கிறார். ஃபிரெண்டு! பெயர் தெரியாத என்னை. அந்த வீட்டில் அன்றைக்கு முதல்முறையாக இரண்டு பேர் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். எனக்கும் வந்துவிட்டது.

ஆகவே இரண்டாவது விஷயம் இதிலேயே முடிந்துபோயிற்று. உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு சங்கதியைச் சொல்லுங்கள், வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களிடம்தான் இருக்கும். எப்படி இறந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். பத்து நிமிடம் போதும்.

1973-இல் மார்க் கிரானொவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலமாக வேலை பிடித்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதினார். அடிக்கடி என்றவர்கள் 100-க்கு 17 பேருக்கும் குறைவு. மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அபூர்வமாக என்றார்கள். வேலை வாங்கிக் கொடுக்கிற அரைப் பழக்கம், சாவுக்கு மட்டும் ஆகாதா?

சரி, நான் வழக்கமாக வரும் இடத்துக்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தெரிகிறது. அந்த மகள் பிறகு ஒன்று சொன்னாள். மறுநாள் அப்பாவின் பையில் கண்தான அட்டை கிடைத்ததாம். கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். யாருக்கும் ஞாபகம் வரவில்லை, நேரமும் கடந்துவிட்டது. இறந்து சுமார் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் ஐயா. அந்த நேரத்தில் மனைவிக்கும் பிள்ளைக்கும் எது ஞாபகம் வரும்? அங்கேதான் நம்மைப் போன்ற பாதி தெரிந்தவர் வேண்டும். அழுகையில் மூழ்காத ஒருவர். வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தனியே கூப்பிட்டு, மெதுவாக, "கண் கொடுப்பதாக ஏதாவது சொல்லியிருந்தாரா?" என்று ஒரு தடவை கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் கண் வங்கிக்கு உடனே போன் செய்யுங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். வந்து எடுக்க 20 நிமிடம் போதும், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், வயதானவர், எல்லோரும் கொடுக்கலாம். 1905-லேயே எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் ஒருவருடைய கருவிழியை இன்னொருவருக்குப் பொருத்திப் பார்வை வரவழைத்துவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகியும் நாம் அட்டையைப் பையிலேயே வைத்திருக்கிறோம். கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்று பாட்டி சொன்னது சும்மா போய் நிற்பதற்கு மட்டுமில்லை என்பது என் கட்சி.

மூன்றாவது விஷயம், எங்கே போகக் கூடாது... தலைவர் மணி அடித்துவிட்டார். வீட்டார் யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போகாதீர்கள், மீதியை டாக்டர் அம்மா சொல்வார்கள், அவர்களுக்குத்தான் அடுத்த பேச்சு.

போகும்போது வாசல் மேஜையில் கண்தானப் படிவம் இருக்கிறது. பேனா என்னுடையது. எழுதிவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், படியேறுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது, உங்களுக்கும்தான்.