கால் இடித்ததும் வலி ஏன் லேட்டாக வருகிறது?

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாத மனிதர் உண்டா? அந்த ஒரு நொடியைக் கொஞ்சம் ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பாருங்கள். 'டொக்'. பட்டுவிட்டது, தெரிந்துவிட்டது. சுரீர் என்று ஒரு குத்தல். 'ஐயய்யோ, இப்போது வரப்போகிறது' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தயாராக நிற்கிறோம், அப்புறம்தான் விண்விண் என்று உயிரை எடுக்கிற அந்த அசல் வலி நிதானமாக வந்து சேர்கிறது. இடி ஒன்று, தகவல் மூன்று. ஏன்?

[திரையில்: மூளை, தண்டுவடம், உடல் முழுக்கப் பரவும் நரம்புகள்]

பாடப்புத்தகப் பகுதியை மூச்சு விடாமல் முடித்துவிடுகிறேன். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்பி உடம்பெங்கும் போகின்றன, அது புற நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, செரிமானம் மாதிரி நம்மைக் கேட்காமலே நடக்கும் வேலைகளைப் பார்ப்பது தானியங்கி நரம்பு மண்டலம். மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வீடியோவை நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வாருங்கள், விஷயத்துக்குப் போவோம்.

நரம்பில் ஓடுவது மின்சாரம் என்று பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம், அதனால் அதற்கு நேரமே எடுக்காது என்று ஒரு நினைப்பு. கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் நிபுணர் யோஹன்னஸ் முல்லர்கூட இந்த வேகத்தை அளக்க வழியில்லை என்றுதான் நினைத்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் ஒரு தவளையின் கால் தசையை எடுத்து, அதன் நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஒரு முறை, தள்ளி ஒரு முறை தூண்டி, தசை சுருங்க ஆன நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்கே போட்டுவிட்டார்: நொடிக்குச் சுமார் 30 மீட்டர். வாத்தியார் முடியாது என்று சொன்னதைவிட ஒரு மாணவனுக்கு வேறென்ன ஊக்கம் வேண்டும்!

[திரையில்: கால் விரலிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும் மூன்று புள்ளிகள்]

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 'பட்டது' என்ற தொடு உணர்வைத் தூக்கிக்கொண்டு ஓடும் தடித்த நரம்பிழைகள் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை போகும். சுரீர் என்ற குத்தலைச் சொல்லும் மெல்லிய இழைகள் 5 முதல் 30 மீட்டர். கடைசியில் வருகிறதே விண்விண் வலி, அதைச் சுமக்கும் சி இழைகளின் வேகம் வெறும் அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர். அதாவது, நாம் சாதாரணமாக நடக்கிற வேகம்! விரலிலிருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டரை அந்த வலி நடந்துதான் கடக்கிறது. உயரமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், பொறாமையாக இருக்கிறது.

வேகத்தின் ரகசியம் மயலின் என்ற கொழுப்பு உறை. தூண்டல் வந்ததும் இழையின் சவ்விலுள்ள சின்னக் கதவுகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, அது பக்கத்துக் கதவைத் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. உறையில்லாத சி இழையில் வழி நெடுக இப்படித் திறந்துகொண்டே போக வேண்டும். உறை உள்ள இழையிலோ, உறைக்கு நடுவே விட்டு விட்டு இருக்கும் இடைவெளிகளில், அதாவது ரான்வியர் கணுக்களில், மட்டும் திறந்தால் போதும், சமிக்ஞை தாவித் தாவிப் போய்விடும். கடலில் இருக்கிற கணவாய் மீனுக்கு (ஸ்க்விட்) இந்த உறையே கிடையாது. வேகம் வேண்டுமென்று இழையையே ஒரு மில்லிமீட்டர் வரை தடியாக்கி வைத்திருக்கிறது, அந்தத் தடிமன் இருந்ததால்தான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் உள்ளே மின்முனையைச் செருகி இந்தச் சோடியம் கதையைக் கண்டுபிடித்து 1963இல் நோபல் வாங்கினார்கள். நாமும் கணவாய் வழியில் போயிருந்தால் தண்டுவடம் இருக்கும் தடிமனுக்கு எந்தச் சட்டைக் காலரும் மாட்டியிருக்காது.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே? அந்த உத்தரவைத் தண்டுவடமே போட்டுவிடுகிறது, மூளைக்குத் தகவல் மட்டும்தான்.

இடித்த இடத்தை உடனே தேய்க்கிறோம் இல்லையா, அதிலும் விஷயம் இருக்கிறது. தேய்க்கும்போது வேக இழைகளில் வரும் தொடு தகவல், தண்டுவடத்தில் வலித் தகவலை மேலே போக விடாமல் அமுக்குகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்னார்கள். நுணுக்கங்கள் பின்னால் நிறையத் திருத்தப்பட்டன, அடிப்படை யோசனை நிற்கிறது. உங்களில் யாருக்குத் தேய்த்தால் நிஜமாகவே குறைகிறது, யாருக்குச் சுத்தமாகக் குறைவதில்லை என்று கமெண்டில் எழுதுங்கள். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சினாப்ஸ் தனிக் கதை, அதையும் இங்கே நுழைத்தால் வீடியோ முடியாது, அடுத்ததில் பார்ப்போம்.