சொட்டு காயக்கூடாதுங்க! ட்ரோபோனின் சென்சார்

வணக்கம்ங்க, சேலத்துல இருந்து. ஹார்ட் அட்டாக் வந்தா ரத்தத்துல ஏறுற புரதம் ட்ரோபோனின். அதைப் பிடிக்கற ஆன்டிபாடியைச் சொட்டா விட்டு ஒட்டவைக்கற சிப்தான் நம்ம சென்சார். போன வீடியோ கமென்ட்ல பாதிப்பேரு "கிராஃபீன்ங்கற மெல்லிய கார்பன் தாள் போடலாமா, தங்கத் துகள் சைஸ் என்ன"ன்னே கேட்டிருக்கீங்க. கடுப்பாகுதுங்க! துகளை மாத்தி மாத்திப் பார்த்து என்ன பண்ண? சிப்பைக் கெடுக்கறது சொட்டு காயறதுதான்.

சிப்புங்கறது, அச்சடிச்ச (ஸ்க்ரீன் பிரிண்டட்) கார்பன் எலக்ட்ரோடு, அதுமேல தங்க நானோ துகள், அதுமேல ஆன்டிபாடி ஒட்டறதுக்கான கார்பாக்சில் அடுக்கு. அந்த அடுக்கை ஒட்டத் தயார் பண்ற ரசாயனம் ரெண்டு: 0.4 மோலார் ஈடிசி, 0.1 மோலார் என்ஹெச்எஸ். சம அளவு கலந்த உடனே சிப் மேல விட்டுடணும். கலந்து வச்சா தண்ணியிலேயே ஈடிசி வீணாயிடும். கழுவிட்டு ஆன்டிபாடி, 5 மைக்ரோலிட்டர் சொட்டு.

ஏப்ரல் வெயில்ல, ஃபேன் ஓடற ரூம்ல, அந்தச் சொட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? சில நிமிஷம்தான். காயக் காய புரதமெல்லாம் ஓரத்துல வளையமா ஒதுங்கிடும், நடுவுல ஒண்ணும் இருக்காது. உப்பும் செறிஞ்சு ஆன்டிபாடியோட மடிப்பு கலைஞ்சுபோகும். ஒரே பேட்ச்ல ரெண்டு சிப் ரெண்டு விதமா ரீடிங் காட்டினா, முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

பெட்ரி டிஷ் ஓரத்துல நனைச்ச டிஷ்யூ வைங்க, சிப்ல படக்கூடாது. மூடி, 4 டிகிரியில ராத்திரி முழுக்க. ஏற்காட்டு மழைக்காலத்துலயும் மூடித்தான் வைக்கணும். காலையில ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் திறந்துடாதீங்க! குளிர்ந்த சிப் மேல ஈரம் படிஞ்சு சொட்டு நீர்த்துப்போகும். ரூம் சூட்டுக்கு வரட்டும்.

ஆங், சொல்ல விட்டுட்டேன். ஆன்டிபாடி கரைக்க டிரிஸ் பஃபர் (பிஹெச் மாறாம வைக்கற ஒரு கரைசல்) வேண்டவே வேண்டாம். ஆன்டிபாடி மாதிரியே கார்பாக்சிலோட ஒட்டற அமைன் அதுலயும் இருக்கு, ஆன்டிபாடியோட இடத்தை அதுவே பிடிச்சுக்கும். பிபிஎஸ்ங்கற பாஸ்பேட் உப்புக் கரைசல், பிஹெச் 7.4 போதும். பிறகு மிச்ச இடத்துல வேற புரதம் ஒட்டாம அடைக்க 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்), அரை மணி நேரம்.

இன்னொண்ணு, கோல்டு குளோரைடுல இருந்து தங்கத் துகள் பண்ற கரைசலுக்குப் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரை வாங்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். கோல்டு குளோரைடு தங்க விலையோட சேர்ந்து ஏறுற சரக்கு. தண்ணியில கொஞ்சம் உப்பு இருந்தாலும் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கரைசலோட செவப்பு ஊதாவாயிடும். நல்ல செவப்புன்னா ஒளியை உறிஞ்சற உச்சம் 520 நானோமீட்டர் பக்கத்துல வரணும்.

பஃபர்ல மட்டும் சோதிச்சுட்டு "ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்கும்"னு போடற வீடியோ எனக்குச் சுத்தமா ஆகாது. ட்ரோபோனின்ல ஒரு வகையான ட்ரோபோனின் டி-யோட ஹை சென்சிட்டிவ் டெஸ்ட்டுக்கு லேப்ல வைக்கற வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். ஆனா சீரத்துல (ரத்தம் உறைஞ்சபிறகு மேல நிக்கற தெளிவான திரவம்) அல்புமின் புரதம் அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு இருக்கு. அதனால முதல்ல ஆரோக்கியமானவங்க சீரத்தை விட்டு, கழுவி, ஃபெர்ரி-ஃபெர்ரோ சயனைடு கரைசல்ல இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு வர்ற தடை, எடுங்க. அதுலேயே தடையைக் காட்டற அரைவட்ட வளைவு பெருசானா, வேற புரதம் ஒட்டுதுன்னு அர்த்தம்; ட்ரோபோனினை இன்னும் தொடாதீங்க. பிஎஸ்ஏ கட்டத்தைத் திரும்பப் பண்ணுங்க.